கித்தானில் விட்ட இடம்

ஜொகூர் பாரு
1936, மாசி

என் செல்ல மகள் தனலெட்சுமிக்கு, அம்மா அங்கம்மா ஆசி சொல்லி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை மூர்த்தியும் கோலக்கிராயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்த முருகன் கூடவே இருக்கட்டும். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து மாப்பிள்ளை சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர் சிரித்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

உன் கடிதம் வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் என்று படித்ததும் ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. வாந்தி நின்றதா? புளிப்பு கேட்டால் அடக்காமல் சாப்பிடு. ரயில்வே வீட்டுக் கிணற்றில் நீ தண்ணீர் இறைக்கக் கூடாது. மாப்பிள்ளையை இறைக்கச் சொல். டிக்கெட் கொடுக்கிற கைக்கு வாளி ஒன்றும் பாரமாகிவிடாது.

சிங்கப்பூரில் அப்பாவுக்குத் தெரியாமல் மாலை மாற்றிக்கொண்டு போனவள், வளைகாப்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நம் வீட்டுக்கு வரலாமா, அப்பா வாசலிலேயே நிறுத்திவிடுவாரா என்று கேட்டிருக்கிறாய். உன்னை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, இதைக் கேட்க இத்தனை நாளா என்று கோபமாகவும் இருக்கிறது. பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். கடைசித் தாளுக்குத் தாவாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும்.

உன் அப்பாவுக்குப் படப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கடைகளுக்குப் போர்டு எழுதுவதையும் நாடகக்காரர்களுக்குத் திரை எழுதுவதையும் சொல்லவில்லை. அது பிழைப்பு. இது வேறு. கடற்கரை பங்களாவில் ஒரு டாக்டர் துரை இருந்தார். அவருடைய துரைசானி படம் எழுதுகிறவள். படத்துக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுக்க அப்பா அங்கே போனார். சுவர் முழுக்கப் படமாம், ஒன்றில்கூடச் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லையாம். சமையற்காரன் தன் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுகிறான். ஆயா தன் அறையில் தலை துவட்டுகிறாள். அவரவர் அறை, அவரவர் பாய், அவரவர் அழுக்குத் துணி. சுவரில் கறை இருந்தால் படத்திலும் கறை. அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. சபாபதி, இத்தனை வருஷம் நீ ஆளையே எழுதவில்லையடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

துரைக்கு மாற்றலாகிக் கப்பலேறும்போது, துரைசானி மிச்சமிருந்த எண்ணெய்ச் சாயக் குழாய்கள், தூரிகைகள், படம் எழுதுகிற கித்தான் துணி ஒரு சுருள் எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நம் வீட்டில் ரசம் கொதித்தாலும் சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாசம்தான்.

முதலில் மாட்டிக்கொண்டவர் அடுத்த கடையில் முடி வெட்டுகிற சின்னத்தம்பி. படம் என்றதும் மனிதர் கோட்டு இரவல் வாங்கி, முகத்தில் பவுடர் அப்பி, பூ ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அப்பா அவரைக் கடைக்குப் பின்னால் அவர் படுக்கிற அறைக்கே இழுத்துக்கொண்டு போய், தினமும் எப்படி இருப்பாயோ அப்படி இரு என்றார். ஊரெல்லாம் பார்க்கிற படத்தில் கைலியோடு இருப்பதா என்று சின்னத்தம்பி சண்டைக்கு வந்துவிட்டார். ரகளை முற்றி, கடைசியில் கோட்டை ஆணியில் மாட்டி அதையும் படத்தில் போடுவது என்று சமாதானமானார்கள். இப்போது போய்ப் படத்தைப் பார்த்தால், கைலி கட்டிய சின்னத்தம்பி பீங்கான் கோப்பையில் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறார், பின்னால் கோட்டு தொங்குகிறது. முடி வெட்ட வருகிறவர்களை எல்லாம் பின்னால் கூட்டிப்போய் அவரே காட்டுகிறார்.

அடுத்தது நான். அடுப்படியை மெழுகிவிட்டு வருகிறேன் என்றேன், விடவில்லை. விரிசல் விட்ட அடுப்பு, கரிப்பிடித் துணி, ஒட்டுப்போட்ட என் ரவிக்கை எல்லாம் அப்படியே வேண்டுமாம். என் மானத்தை வாங்கவா என்று கரண்டியைக் காட்டினேன். அங்கம்மா, இருக்கிறதைத்தான் போடுவேன், இல்லாததைப் போட மாட்டேன் என்றார். சரி என்று வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று சொல்கிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பா என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குள் உன் சித்தி காளியம்மாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்ததால் நான் குலாய் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன். இப்போது நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதே. எண்ணெய்ச் சாயம் சாதாரணமாகவே லேசில் காயாது, இந்த மழைக்குக் கேட்கவே வேண்டாம். சூடு பட்டால் காயும் என்று அப்பா என் படத்தை முன்கடைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் அரிக்கன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். நம் ஊர்ச் சனத்துக்குப் படத்துக்கு முன்னால் விளக்கு என்றால் வேறு என்ன அர்த்தம்?

புட்டு விற்கிற கருப்பாயி கடை வாசல் நடைபாதையில், அஞ்சடியில், போகிறபோது உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். என்னையும் நாலைந்து நாளாகக் காணவில்லை. அடி என் அங்கம்மா, இந்த மூஞ்சியை இனி எப்போ பார்ப்பேன் என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சின்னத்தம்பி கடையை அடைத்துவிட்டார், பாதி முடி வெட்டிய ஆள் துண்டோடு வந்து நிற்கிறான். யாரோ செவ்வந்தி மாலை வாங்கி வந்து படத்துக்குப் போட, சுமங்கலியாகப் போனவள் என்று கருப்பாயி குங்குமத்தை அள்ளி நெற்றியில் அழுத்தி வைத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து நான் மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன். நம் வாசலில் கூட்டம். உன் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். யாருக்கு என்ன ஆச்சு என்று கருப்பாயி தோளைத் தொட்டுக் கேட்டேன். அங்கம்மா போயிட்டாளே என்று என்னையே கட்டிப்பிடித்து அழுதாள். அப்புறம் யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் போட்ட கூச்சலை உங்கள் ஸ்டேஷனில் கேட்டிருந்தால் ரயிலே நின்றிருக்கும். இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன். என் இழவுக்கு நானே காப்பி!

அப்பா திரும்பி வந்து பார்த்தால், ஈரச் சாயத்தில் குங்குமம் அப்பிக்கிடக்கிறது, கூடவே ஒரு செவ்வந்தி இதழும். சுரண்டி எடுங்கள் என்றேன். இப்போது அது அங்கே இருக்கிறதே, இருக்கிறதை எப்படி எடுப்பது என்று விட்டுவிட்டார். அவருடைய பிடிவாதத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயும் அதே அச்சுதானே.

இனி உன் விஷயம்.

நீ போனதிலிருந்து உன் அறைக் கதவை அவர் திறக்கவே இல்லை. உன் பெயரையும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு காலையில் நான் பாசாரிலிருந்து வந்து பார்க்கிறேன், அந்தக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே கித்தானை நிறுத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். நான் மூச்சு விடாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் கட்டில், சன்னல், கயிற்றில் கிடக்கிற உன் பழைய பாவாடை எல்லாம் படத்தில் வந்துவிட்டன. பொட்டு வைத்துவிட்டு விரலைச் சுவரில் துடைப்பாயே, எத்தனை தடவை என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாய், அந்தச் சாந்துக் கறையைக்கூட ஒன்று விடாமல் போட்டிருக்கிறார். பொங்கலுக்கு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நான் ஆள் கூப்பிட்டபோது, வேண்டாம் என்று அவர் ஏன் கத்தினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் சன்னலோரத்து முக்காலிக்கு மேலே மட்டும் சாயம் இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற அளவுக்கு வெறும் கித்தான். இதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். இல்லாததை எப்படிப் போடுவது என்றார். நாடகத்துக்குத் தேவலோகம் எழுதினீர்களே, போய்ப் பார்த்துவிட்டா வந்தீர்கள், பெற்ற பிள்ளை முகம் ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். தூரிகையைத் துடைத்துக்கொண்டே, ஞாபகத்தில் போட்டால் இங்கிருந்து போன பிள்ளைதான் வரும், இப்போது எப்படி இருக்கிறதோ என்றார். தனம், நீ போனதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

போன வாரம் உன் கடிதம் வந்ததும், நேரே போய்ச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று, கொல்லையில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். பாருங்கடி, நம்ம தனத்துக்கு ஐந்து மாதமாம் என்று உரக்கச் சொன்னேன். உள்ளே தூரிகைச் சத்தம் நின்றது. அப்புறம் வந்து சாப்பிட்டார், படுத்தார்.

மறுநாள் காலையில் அந்த அறையைப் பெருக்கப் போனேன். படத்தைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். முக்காலியில் விட்டிருந்த வெற்றிடத்தைச் சுற்றி, காயாத சாயத்தைக் கத்தியால் வழித்து எடுத்திருக்கிறார். முன்பக்கம், வயிறு வருகிற இடத்தில், நன்றாக அகலமாக்கி வைத்திருக்கிறார்.

இதற்கு மேல் உனக்கு என்ன பதில் வேண்டும்? சித்திரையில் ஏழாவது மாதம். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. கேமாஸில் வண்டி மாறும்போது ஓடாதே, அடுத்த வண்டியில் வந்தாலும் பரவாயில்லை. கருப்பாயி இப்போதே வளையலுக்குச் சொல்லி வைத்துவிட்டாள், என்னை உயிரோடு கொன்றதற்கு அபராதமாம். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, என் மடியில் பிள்ளையைப் போட வேண்டும். நூறு வயது இருப்பாய்.

உன் அம்மா
அங்கம்மா

இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு முகவரி எழுத மை எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் அடியில் அப்பா எழுதி வைத்திருக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, நடுவில் கிடைத்த இடத்தில் இதை எழுதுகிறேன்.

தனத்துக்கு,
சன்னல் வெளிச்சம் காலையில்தான் நன்றாக இருக்கும். கிளம்பும்போது பட்டுச்சேலை எல்லாம் கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி வராதே. வீட்டில் இருக்கிற மாதிரி வா. முக்காலி ஆடியது, புதுக் கால் போட்டு இறுக்கிவிட்டேன். மாப்பிள்ளைக்கும் ஒரு முக்காலி செய்திருக்கிறேன்.
சபாபதி