உயிரோடிருப்பவருக்குத் திதி

1935 ஜனவரி 8
வேலூர் மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வாத்தியாரம்மா வேலையும் பிடித்திருக்கிறதாம். ஆனால் தாத்தாவின் பூர்வீகமும் குலதெய்வமும் தெரிந்தால்தான் தாம்பூலமாம். கல்யாணம் எனக்கா, தாத்தாவுக்கா?

ஜனவரி 10
தாத்தாவைக் கேட்டேன். "தெர்லம்மா." அறுபத்தைந்து வயதில் சொந்த ஊர் தெரியாத மனுஷன் உண்டா? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். அம்மா அழுகிறாள்.

ஜனவரி 17
தாத்தாவோடு ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்த நசீர் அகமது பாயைப் பிடித்தேன். "தாது வருசப் பஞ்சத்துல வேலூர் கஞ்சித் தொட்டியாண்ட தனியா அழுதுனு நின்னான்மா. ஏழு வயசு. எங்கப்பா தோல் வண்டில ஏத்தினு வந்தாரு. கணியம்பாடிக்காரன். அங்க மட்டும் போவாத."
ஏன் போகக் கூடாது?

ஜனவரி 20, ஞாயிறு
போனேன். விசாரித்ததில் தாத்தாவின் தம்பி ரத்தினசாமி வீட்டைக் காட்டினார்கள். அதே மூக்கு. தாத்தா பேரைச் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது.
"காசிநாதனா? எங்கண்ணன் பஞ்சத்துலயே போய்ட்டாரும்மா. கருமாதி பண்ணியாச்சு. வருசா வருசம் தை அமாவாசைக்குத் திதி குடுக்குறோம்."
உயிரோடு இருக்கிறார் என்றேன்.
"தெரியும். பதினெட்டு வயசுல வந்து வாசல்ல நின்னாரு. தோல் ஷாப்புல சோறு தின்னவன உள்ள சேக்க முடியாதுன்னு எங்கப்பா அனுப்சிட்டாரு. கருமாதி ஆனவர இன்னா பண்ணச் சொல்ற?"
அடப் பாவிகளா! ஆளைத் துரத்திவிட்டு அவர் பேருக்கு எள்ளும் தண்ணீருமா? உன் காலில் கிடப்பது என்ன, தோல் செருப்புதானே என்று கேட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 21
தாத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். "எனக்கா திதி? வடை உண்டாமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் மெதுவாக, "நீயும் அந்த வாசல்ல நிக்கணுமான்னுதாம்மா சொல்லல" என்றார்.
இவரிடம் போய்க் கத்தினேனே — சீ, என்ன ஜென்மம் நான்.

ஜனவரி 23
கணியம்பாடி, பொன்னியம்மன் என்று எழுதிப் போட்டால் கல்யாணம் நடக்கும். குலதெய்வத்தையும் அந்த ஊரிலேயே விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். எழுதவில்லை. "பூர்வீகம் ஆம்பூர் தோல் ஷாப்" என்று என் கையாலேயே கார்டு போட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 3, தை அமாவாசை
வேலூரிலிருந்து பதில் இல்லை.
கணியம்பாடியில் இந்நேரம் அவருக்கு இலை போட்டிருப்பார்கள். நானும் போட்டேன். தாத்தா ஆறு வடை சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார்.