மூடி திறந்தால் நிற்கும் விசிறி

அன்புள்ள கிரேஸ்,

கர்த்தர் கிருபையில் இங்கே சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? செவிலிமேட்டில் மழை உண்டா? போன் கேமரா கெட்டுவிட்டது, வீடியோவில் கூப்பிட முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

ஓட்டலில் ஒரு சின்னத் தகராறு. இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் கரி அடுப்புக்கு ஒரு கன்ட்ரோலர் மாட்டினார்கள். சூடு குறைந்தால் அதுவே விசிறியைப் போட்டுக் கரியை ஊதும். நம் சாயப்பட்டறையில் நிமிடத்துக்கொரு தரம் நூலைத் தூக்கிப் பார்த்த கையல்லவா, மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"இன்னாபா டேனியல், நீ தொறந்துக்கினே இருந்தா, சூடு கொறஞ்சிடுச்சுன்னு அது ஊதிக்கினே இருக்கும்பா!" என்று கூட வேலை செய்யும் திருப்புட்குழி விமல்ராஜ் கத்துவதற்குள் தீ குப்பென்று எழுந்து, நாற்பது கிலோ இறைச்சியும் கருகிவிட்டது. பெரிய குக் இடுக்கியால் என் முகத்தில் ஓங்கி அடித்தான். செத்துப்போன அப்பாவையும் சேர்த்துத் திட்டினான். நான் கன்ட்ரோலரை வயரோடு பிடுங்கி அவன் வாயிலேயே இறக்கினேன். இரண்டு பல் கீழே விழுந்தது.

இனி யார்மீதும் கை வைக்க மாட்டேன் என்று கிளம்பும்போது சர்ச்சில் உனக்குக் கொடுத்த வாக்கு, அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதலாளி இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டு, புதிதாக எதை வாங்கலாம் என்று என்னையே கேட்டார். மூடி திறந்தால் விசிறியைத் தானே நிறுத்துகிற ரகம் வாங்குங்கள் என்றேன்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால், ஒத்தடம் கொடுக்க உன் பழைய காட்டன் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துணி இங்கேயும் கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு.

ஷிப்டுக்கு நேரமாகிறது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிரேஸ். இடது கண் திறக்கட்டும், கூப்பிடுகிறேன்.

உன்
டேனியல்