பதினோரு பாட்டுக்கு ஒரு பாதை

மார்ச் 3, செவ்வாய்
துணி துவைத்து முடிவதற்குள் பாட்டுப் பட்டியலும் முடிந்தது. அக்கா பாடியதும் மற்றவர்கள் பாடியதுமாக மொத்தம் 86. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டுக்கார அக்கா இந்த ஞாயிறுதான் பிரார்த்தனைக் கூடத்துக்கு வருகிறாள். இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாதாம். அவள் முன்பு பாடியதைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, நாங்கள் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. பொறுப்பு என் தலையில். ஆண்டவனே, பார்த்துக்கொள்.

மார்ச் 4, புதன்
கூடத்தில் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடப் பாடவில்லை! என் லேப்டாப் லினக்ஸ், அங்கே விண்டோஸ். பாட்டு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையில் நான் போடுவது '/'. அங்கே '\' வேண்டும், முன்னால் டிரைவைக் காட்டும் 'D:' வேறு. கூடத்துச் செயலாளர், "பேசாம இந்த வாரம் பாட்டே வேணாம்மா" என்கிறார். அக்கா வரும் நாளிலா? வீட்டில் இவரோ, "கோடு எந்தப் பக்கம் சாஞ்சா என்ன? ரெண்டும் கோடுதானே!" என்கிறார். இவருக்கென்ன.
86 வரியைக் கையால் மாற்ற மாட்டேன். எல்லாவற்றையும் தானாக மாற்றித்தர ஸ்கிரிப்ட் எழுதப் போகிறேன்.

மார்ச் 5, வியாழன்
கட்டளையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அதைப் படிக்கும் ஷெல் ஒரு '\'-ஐ விழுங்கிவிடுகிறது. காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டு. ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தேன் — எல்லாக் கோடும் சமர்த்தாகத் திரும்பிக்கொண்டன. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. போகட்டும்.

மார்ச் 6, வெள்ளி
எண்ணிப் பார்த்தது நல்லதாயிற்று. லேப்டாப்பில் 86, கூடத்துக்கு எடுத்துப்போகும் பென்டிரைவில் 75. எங்கே போச்சு பதினொண்ணு? அத்தனையும் அக்கா பாட்டு! அவள் பாடிய நேரத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தவள் நான்தான் — '6:30 துதி', '7:15 நன்றி' என்று. பெயருக்குள் ':' வந்தால் விண்டோஸ் சேர்க்காதாம். யாரைக் குத்தம் சொல்றது?

மார்ச் 7, சனி
பாட்டின் பெயரிலும் பட்டியலிலும் ':' எல்லாவற்றையும் '-' ஆக்கினேன். 'D:'-யும் 'D-' ஆகிப்போனது. எனக்கே சிரிப்பு. முதலில் பெயரை மாற்று, 'D:'-ஐக் கடைசியில் ஒட்டு. இப்போது 86-க்கு 86. கூடம் பூட்டியிருக்கிறது. நாளைதான் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு
பாடியது. அக்காவின் குரல் எழுந்ததும் கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா மட்டும் கைப்பையைத் துழாவி, துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள்: "மூணாவது பாட்டுல சுதி விட்டுட்டேன்டி. அதைத் தூக்கிடு. குரல் வரட்டும், வேற பாடித் தரேன்."
தூக்கிவிட்டேன். பட்டியலில் அந்த இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.