எடிட்டிங் நடக்கிறது

அன்பு அஷ்ரஃப்,

சக்குபள்ளத்தில் மழை விட்டு மூன்று நாளாகிறது. ஆபீஸ் ரூமை வேறு ஆளுக்குக் கொடுக்கிறார்கள். நம் கம்பெனி போர்டை நேற்று கழற்றினேன். முதல் படத்துக்குக் கொச்சியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களே, அன்று எடுத்த போட்டோவில் என் முகத்தில் பூஞ்சணம் ஏறிவிட்டது. நீ மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

இரண்டாவது படத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

மழைக்காலத்தில் இங்கே சர்ட்டிஃபிகேட், கல்யாணப் பட்டு என்று ஈரம் படக் கூடாததையெல்லாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் வைப்போம். படம் இருந்த ஹார்டு டிஸ்க் இரண்டையும் நானும் அங்கே வைத்தேன். அடுப்பு எப்போது மூட்டுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாளே காய் வந்து மூட்டிவிட்டார்கள். நாற்பது நாள் ஷூட்டிங் வெந்துபோயிற்று. நீ அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறினாய். திட்டியிருக்கலாம்.

காய் பறிக்கப் போகும் சந்தனம் அக்கா, நம் கதாநாயகி, இந்த இரண்டு வருடமும் ஞாயிறு தவறாமல் படம் எப்போது வரும் என்று கேட்கிறார். "எடிட்டிங் நடக்குதுக்கா" என்பேன். இன்று, "நான் அழுவுற எடத்துல சனங்க சிரிச்சிர மாட்டாகல்ல தம்பி?" என்றார்.

மாட்டார்கள் என்றேன்.

"அஷ்ரஃப் தம்பியும் போன்ல அதத்தான் சொல்லுச்சு. இன்னும் எடிட்டிங் நடக்குதாம்ல."

போர்டை என் வீட்டு வாசலில் மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பார்ட்னர்