அம்மா சிரித்த இடம்

கே.கே. நகர், மதுரை
6.1.2025

அன்புள்ள வாணிக்கு,

நலமா? அம்மா நலமா? டிவிஎஸ் வண்டியில் கோழித் தீவன மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் அதே வேகத்தில்தான் போகிறாரா? போன தடவை என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பேரையூர் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாரே, அந்தப் பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பிப்ரவரி கடைசியில் எங்கள் கல்லூரியில் ‘பெண், உழைப்பு, நினைவு’ என்று பன்னாட்டுக் கருத்தரங்கம். சிரிக்காதே. வழக்கமாக மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வந்து வணக்கம் சொன்னாலே நாங்கள் பன்னாட்டு ஆகிவிடுவோம். இந்த முறை நிஜமாகவே ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். பெயர் அன்னெலீஸ். தென்னிந்தியப் பெண் தொழிலாளர் வரலாறு பற்றி ஒரு புத்தகம் தொகுக்கிறார். நல்ல பதிப்பகம். இங்கே வாசிக்கும் கட்டுரைகளில் சிலவற்றை அதற்கு எடுத்துக்கொள்வாராம்.

உன் ‘மடிச்சோதனை’யை அவர் எங்கோ படித்திருக்கிறார். முதல் மெயிலிலேயே “தமிழ்வாணி வருவாரா?” என்றுதான் கேட்டார். வருவாள் என்று நானே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஜூலையில் உனக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல். இப்படி ஒரு புத்தகத்தில் உன் பெயர் வந்தால் யார் உன்னை ஒதுக்க முடியும்? பழைய கட்டுரையைக் கொஞ்சம் விரித்து எழுதினால் போதும்.

முடிந்தால் அம்மாவையும் அழைத்து வா. அன்னெலீஸ் அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
மது


பேரையூர்
11.1.2025

அன்புள்ள மதுவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடம் நேரில் ‘முடியாது’ என்று சொல்ல எனக்கு வராது. நீ முகத்தைத் தொங்கப்போட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்: ‘மடிச்சோதனை’யை இனி வாசிக்க என்னால் முடியாது.

எத்தனை மேடை ஏறிவிட்டது அந்தக் கட்டுரை! என்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா பருத்தி எடுத்தது, மடியில் பருத்தியைத் திருடி வைத்திருக்கிறாள் என்று காட்டுச் சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் சேலையை உதறிக் காட்டச் சொன்னது, மடியில் இருந்தது நான் என்பது. அந்த இடம் வந்ததும் அரங்கம் அமைதியாகிவிடும். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. அது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நெறிமுறைக் குழு கேட்டதற்காக அம்மாவுக்கு ரெங்கம்மாள் என்று மாற்றுப்பெயர் வைத்தேன். ‘என் தாய் ரெங்கம்மாள்’ என்று ஆரம்பிக்கும் கட்டுரை, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் என் பெயர். யாரிடமிருந்து யாரை மறைத்தேனோ!

இப்போது அது கல்லூரிப் பாடமாகவும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு முனீஸ்வரி தேர்வுக்குச் சத்தம் போட்டுப் படித்திருக்கிறாள். அம்மா கோழிக்குத் தண்ணீர் வைத்தபடியே முழுக்கக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் என்னிடம் வந்து, “ஏத்தா, நான் அந்தக் காட்ட விட்டு வந்து எம்புட்டு வருசமாச்சு? ஒம் பேப்பர்ல இன்னும் பருத்தி எடுத்துக்கிட்டேதான இருக்கேன். வீட்டுக்கு எப்பத்தான் விடுவ?” என்றாள். அப்புறம் அவளே, “நாப்பது வயசுக்கு மேல நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டத எழுதேன். நம்ம தெருவுல மொத ஆளு நாந்தான்” என்றாள்.

அதைத்தான் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் மது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கூலிப் பெண்கள் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. யார் கற்றுக்கொடுத்தார்கள், யார் சிரித்தார்கள், வண்டி வந்த பிறகு யார் யாருடைய காட்டுக்கு வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அதைத் தருகிறேன். சுருக்கம் இணைத்திருக்கிறேன்.

நேர்காணல் நினைப்பு எனக்கும் இருக்கிறது. ஏப்ரலில் விடுவித்து ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்ளும் இந்தக் கௌரவ விரிவுரையாளர் வேலையில் எத்தனை நாள் இருப்பது? அடுத்த வருஷம் எனக்கு வயது வரம்பும் தாண்டிவிடும். மொபெட் கட்டுரையை அவர் எடுத்துக்கொண்டால் என் பிழைப்பு தேறும்.

அன்புடன்,
வாணி


கே.கே. நகர்
20.1.2025

அன்புள்ள வாணிக்கு,

உன் சுருக்கத்தைப் படித்துவிட்டு நான் மட்டும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிவராம் வந்து என்னவென்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். அருமையாக இருக்கிறது.

அதை அன்னெலீஸுக்கு அனுப்பினேன். “சுவாரசியம்தான், ஆனால் ஒடுக்குமுறை எங்கே? இதில் வலி தெரியவில்லையே” என்று எழுதியிருக்கிறார். அவர் நல்ல மனுஷி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய புத்தகத்துக்கு அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேலே பதிப்பகம் இருக்கிறது.

என் நிலைமையையும் கேள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. இரண்டாம் அமர்வில் ‘மடிச்சோதனை’, உன் பெயர், பக்கத்தில் ‘களத்தின் குரல்: திருமதி தங்கப்பொண்ணு’. முதல்வர் அம்மாவின் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அவர்களுக்குக் காட்ட இது வேண்டுமாம். என் பணி உறுதி ஆணை அவர் மேசையில் கிடக்கிறது. சிம்மக்கல்லில் மொத்தக் கடையில் பை வாங்குவது முதல் ஜெர்மன்காரருக்குக் காரமில்லாத சாப்பாடு தேடுவதுவரை எல்லாம் என் தலையில். இப்போது போய் இரண்டாம் அமர்வு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

கெஞ்சுகிறேன் வாணி. இந்த ஒரு தடவை மட்டும்.

மது


பேரையூர்
29.1.2025

மதுவுக்கு,

என்னைக் கேட்காமல் அம்மா பெயரை அச்சடித்தது தப்பு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நான் அம்மாவிடம் பேச்சே எடுக்கவில்லை. தம்பி அருண்பாண்டி அழைப்பிதழை எவனுடைய வாட்ஸப்பிலோ பார்த்துவிட்டு, புத்தகம், நேர்காணல் எல்லாவற்றையும் அம்மாவிடம் உளறிவிட்டான். அம்மா அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். “ஒனக்கு வேலை நெரந்தரமாகும்னா நான் எங்க வேணாலும் வாரேன். வாயத் தொறந்து பேசுறதுக்கு என்ன கொள்ளை?” என்றாள். பருத்திக் கதை வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். “அது அப்ப சொன்னது” என்றாள்.

வேண்டாம் என்று சொன்னவளைச் சரி என்று சொல்ல வைத்திருக்கிறோம். இது உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை என்று இருவரும் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அமர்வை நீதான் நடத்துகிறாய். அம்மா வண்டிக் கதையைத்தான் முதலில் சொல்வாள், அதற்காகவே நாள் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் முடிக்கும்வரை விடு. வாக்குக் கொடு.

வாணி


கே.கே. நகர்
2.3.2025

அன்புள்ள வாணிக்கு,

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அம்மா என்ன பேச்சுப் பேசினார்! கடைசி வரிசையில் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகள்கூட அழுதார்கள். அன்னெலீஸ் மேடைக்கு ஓடி வந்து கட்டிப்பிடித்ததைப் பார்த்தாயா? முதல்வர் தனக்கு வாங்கிவைத்த பொன்னாடையையே எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினார். நேற்று என் ஆணையில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

உன் கட்டுரை புத்தகத்துக்குத் தேர்வாகிவிட்டது! முதல் அத்தியாயமே அதுதான். ஏப்ரல் கடைசிக்குள் விரித்து அனுப்பு. ஒப்புதல் படிவத்தில் அம்மாவின் கையெழுத்தும் வேண்டும்.

வண்டிக் கதையின் நடுவில் நான் புகுந்து, “அம்மா, அந்தப் பருத்திக் காட்டுல நடந்ததைச் சொல்லுங்கம்மா” என்றேனே, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே? போனில் வாக்குக் கொடுத்தேன்தான். ஆனால் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, முதல்வர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், மொழிபெயர்க்கிற பெண்ணுக்கு ‘வண்டிய முறுக்குறது’, ‘சாக்கு மூட்டை’ எல்லாம் வரிசையாக வந்ததில் திணறல். அம்மா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சட்டென்று நிறுத்திவிட்டு எவ்வளவு அழகாக அங்கே போய்விட்டார்!

எனக்கு உன் குரலைக் கேட்க வேண்டும். போனை ஏன் எடுப்பதில்லை?

அன்புடன்,
மது


பேரையூர்
9.3.2025

மதுவுக்கு,

வாழ்த்துகள். உன் ஆணை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அது பொய் இல்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் நடந்ததை உனக்கு எழுதுகிறேன். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

திருமங்கலம் தாண்டியதும் அம்மா பொன்னாடையை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நல்லா அழுதேனா?” என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா கேக்குற?” என்றேன்.

“இல்ல, போதுமான்னு கேட்டேன். அந்த வெள்ளக்காரம்மாவுக்குப் புடிச்சிருச்சுல்ல? ஒனக்கு வேலை ஆயிரும்ல?”

“நீ நடிச்சியா?”

“நடிப்பு என்னத்தா நடிப்பு. நடந்ததுதான. ஆனா அது நடந்து முடிஞ்சு எனக்கு ஆறிப்போச்சு. ஒங்களுக்குத்தான் ஆறல.” மஞ்சப்பையைக் காலடியில் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “மொத மொதல்ல நீ நோட்ட வச்சுக்கிட்டு கேட்டேல்ல, அன்னைக்கே கவனிச்சேன். அன்னைக்குக் காட்டுலருந்து வாரப்ப நாங்க பொம்பளையாளுக எல்லாம் எதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம்னு ஒனக்குச் சொன்னேன். நீ பேனாவக் கீழ வச்சுட்ட. நான் அழுதா எழுதுன, சிரிச்சா நிறுத்திட்ட. சரி, புள்ளைக்கு இதுதான் வேணும் போலன்னு அழுதேன். இன்னைக்கு அந்த மதுப் பொண்ணும் அதேதான செஞ்சா.”

அவள் என்னைத் திட்டிச் சொல்லவில்லை மது. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அதுதான் என்னைக் கொல்கிறது. எனக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்த ஆய்வில், சிரித்த பாதியை நானே கேட்காமல் விட்டிருக்கிறேன். உன் மீது எனக்கு வந்த கோபத்தைவிட என் மீது வந்தது பெரிய கோபம்.

அன்றைக்கு எதற்குச் சிரித்தார்கள் என்று மறுபடி சொல்லச் சொன்னேன். டி. கல்லுப்பட்டி வரும்வரை சொன்னாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அது என்னவென்று உனக்கு எழுத மாட்டேன். அது ஒன்றாவது எங்கள் வீட்டில் இருக்கட்டும்.

அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எழுதாமல் விட்டால் ஜூலையில் என்ன கொண்டுபோய்க் காட்டுவேன்? அம்மா அழுததும் வீணாகிவிடும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு என்னை எழுதச் சொல்கிறீர்கள்.

வாணி


கே.கே. நகர்
16.3.2025

என் அன்பு வாணிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வண்டியை அங்கேயே ஓரமாக நிறுத்தி அழுதேன். அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். நானே ஒரு நாள் வந்து கேட்கிறேன்.

ஒன்று செய்துவிட்டேன். திட்டாமல் படி. அன்னெலீஸிடம் ஜூமில் பேசும்போது பேனா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நீ மனசு உடைந்துபோயிருக்கிறாய், காலக்கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன். காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். “இதுதான் புத்தகத்தின் மையம்! ஆய்வாளரின் பேனா தகவலாளரை அழவைக்கிறது. இதை அவர் எழுதியே ஆக வேண்டும்” என்றார். காலக்கெடுவையும் மே கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

யோசித்துப் பார் வாணி. உனக்கும் அது நியாயமாகத்தானே இருக்கும்? அம்மாவின் முழுக் கதையும் வந்துவிடும். ஆனால் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது இல்லாமல் அத்தியாயம் முழுமையாகாது என்கிறார். அதையும் எழுது. நீ எழுதப் பிரியப்படாவிட்டால் உன் கடிதத்தை வைத்து நான் ஒரு வரைவு தயாரிக்கட்டுமா? இரண்டு பேர் பெயரிலும் போட்டுக்கொள்ளலாம். உனக்கு வேலை மிச்சம் என்றுதான் சொல்கிறேன்.

அம்மா எப்படி இருக்கிறார்? அவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வரியாவது எழுது.

என்றும் உன்,
மது


பேரையூர்
28.5.2025

பெறுநர்:
முனைவர் மதுவந்தி சிவராம் அவர்கள்,
ஒருங்கிணைப்பாளர், பன்னாட்டுக் கருத்தரங்கம்,
மதுரை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் 16.3.2025 நாளிட்ட கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டிருந்தவாறு விரிவாக்கப்பட்ட அத்தியாயம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அது என் பெயரில் மட்டும் வெளிவர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வாளரின் பேனா பற்றிய செய்தி மூன்றாம் பகுதியில் சேர்க்கப்பட்டுள்ளது. காட்டிலிருந்து திரும்பும் வழியில் பெண்கள் சிரித்தது பற்றித் தாங்கள் கேட்டிருந்தீர்கள். அது நான்காம் பகுதியில் முழுமையாகத் தரப்பட்டுள்ளது. ஒப்புதல் படிவத்தில் தகவலாளர் கையெழுத்திட்டுள்ளார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

வெளியீட்டுச் சான்றிதழ் ஜூலை முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நேர்காணலுக்கு உதவும். இனி இது தொடர்பான கடிதங்களை என் கல்லூரி முகவரிக்கு அனுப்பினால் போதும். வீட்டுக்கு வர வேண்டியதில்லை.

தகவலாளரின் நலம் விசாரித்திருந்தீர்கள். தகவலாளர் நலமாக உள்ளார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முனைவர் சு. தமிழ்வாணி
கௌரவ விரிவுரையாளர், வரலாற்றுத் துறை