பாலூட்டும் அறையிலிருந்து வரும் குறட்டைச் சத்தம் தொடர்பாக

அனுப்புநர்:
மெழுகு வேலை செய்பவர்,
பல் செட் செய்யும் லேப்,
மருந்துக் கடை மாடி,
பேருந்து நிலையத்துக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
நிலைய மேலாளர் அவர்கள்,
பேருந்து நிலையம்,
முதல் மாடி, கண்ணாடிக் கதவு போட்ட அறை.

பொருள்: தாய்மார்கள் பாலூட்டும் அறையை மதிய வேளையில் தாய் அல்லாத ஒருவர் உள்தாழ்ப்பாள் போட்டுப் பயன்படுத்தி வருவது – அவருக்கு வேறு இடம் ஒதுக்கக் கோருவது – அங்கே கண்டெடுத்த பொருளை ஒப்படைப்பது – தொடர்பாக.

பார்வை: கடந்த சனிக்கிழமை தாங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிய உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சனிக்கிழமை காலை என் குறையைச் சொல்லத் தங்கள் அறைக்கு வந்தேன். தாங்கள் கைக்குட்டையால் வாயை மூடியபடி முழுவதையும் கேட்டீர்கள். பிறகு ஒரு சீட்டில் "எழுத்துமூலம் தரவும்" என்று எழுதி நீட்டினீர்கள். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் என் பேச்சைக் கேட்ட முதல் அதிகாரி தாங்கள்தான். அந்த மரியாதைக்கு நன்றி சொல்லி, உத்தரவுப்படி எழுத்துமூலம் தருகிறேன்.

1. எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். வீட்டில் அவளைக் கட்டெறும்பு என்று அழைக்கிறோம். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் வந்த பிறகு வைத்த பெயர். காரணம் தாங்களே ஊகிக்கலாம். என் கணவருக்கு பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட் என்பதால் பகலில் பிள்ளை அவர் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவர் அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு பேருந்தில் வந்து இறங்குவார். நான் லேபிலிருந்து தெருவைக் கடந்து ஓடி வருவேன். பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும்.

புட்டியில் எடுத்து வைத்துவிட்டு வரக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். கேட்காதவர்கள் பாக்கியில்லை. புட்டி, கரண்டி, டம்ளர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. புட்டியைக் கண்டாலே உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சனிக்கிழமை தங்களைப் பார்த்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

2. மூன்றாவது நடைமேடைக்கு அருகே பாலூட்டும் அறை இருக்கிறது. வாசலில் ஒரு தாய் குழந்தையுடன் சிரிப்பதுபோல் படம் வரைந்திருக்கிறார்கள். மதியத்தில் அந்த இடத்தில் நிம்மதியாகப் பாலூட்டுகிறவர் அந்தப் படத்துத் தாய் மட்டுமே. கதவு எப்போதும் உள்ளே தாழிட்டிருக்கிறது. வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருக்கும் உதவியாளர் ஒவ்வொரு நாளும் "உள்ள கிளீனிங் நடக்குதும்மா, அப்புறம் வாங்க" என்கிறார். சுத்தம் செய்யும் ஓசையும் கேட்கிறது. அது மெல்ல ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, சின்ன விசிலோடு இறங்குகிறது. இப்படி ஓசை எழுப்பும் துடைப்பத்தை நான் எங்கும் கண்டதில்லை. கட்டெறும்பு அழுகையை நிறுத்திவிட்டு அதைக் கேட்பாள். பசி நினைவுக்கு வந்ததும் மறுபடி தொடங்குவாள்.

3. இதைத் தங்களிடம் முறையிட மதியத்தில் பலமுறை மாடியேறி வந்தேன். "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு" என்றார் தங்கள் எழுத்தர். வெயிலில் தாங்கள் நிலையம் முழுவதும் சுற்றி வரும் அதே நேரத்தில், கீழே ஒருவர் இப்படித் தூங்குவது தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

4. அறை கிடைக்காததால் நான் பாலூட்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பெரிய மனதோடு மெஷினுக்குப் பின்னால் இடம் கொடுத்தார். ஒவ்வொரு காப்பிக்கும் வெளிச்சம் அடிக்க, அவள் குடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். அன்று யாரோ ஒரு புத்தகத்தையே காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்குப் போனேன். அதைக் கழுவும் அக்காவே என்னைத் திருப்பி அனுப்பினார். "இங்க வேணாம்மா. நான் இங்க ஒரு வாய் தண்ணிகூட குடிக்க மாட்டேன், புள்ள பால் குடிக்கலாமா?" என்றார்.

இன்னொரு நாள், காலியாக நின்ற பேருந்து ஒன்றின் கடைசி இருக்கைக்குப் போய்விட்டேன். நல்ல நிழல், நல்ல மறைவு. அவள் பாதி குடித்திருக்கும்போது பேருந்து கிளம்பிவிட்டது. "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார் கண்டக்டர். "எங்கயும் போகலைங்க. இவ குடிச்சு முடிச்சா போதும்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படி ஒரு ஸ்டாப் இல்லையேம்மா" என்று அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழித்தார். டிரைவரிடம் என்ன சொன்னாரோ, வண்டி மாட்டுவண்டிபோல் போனது. பின்னால் என் கணவர் டயப்பர் பையோடு ஓடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கட்டெறும்பு குடித்து முடித்தாள். நான் லேபுக்குத் திரும்பியபோது உருக்கி வைத்த மெழுகு கல்லாகிக் கிடந்தது.

5. மெழுகு கல்லானது இது முதல் தடவை அல்ல. எங்கள் லேப் முதலாளி நல்ல அக்காதான், ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு. மெழுகும் காத்திருக்காது, பல் இல்லாதவங்களும் காத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு என் வேலை பிடிக்கும், ஐயா. பல் போன ஒருவருடைய பழைய சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து மெழுகில் வடிப்பது எல்லோருக்கும் கைவராது. மகளுக்கு என் பால் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு தாழ்ப்பாள் மட்டும்தான். தாழிட்ட கதவுக்கு வெளியே, சட்டையெல்லாம் பால் நனைந்து, கையில் பிள்ளை அலற, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க நின்றிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அவமானமாக இருக்கிறது. கோபமும் வருகிறது. இதை விளையாட்டாக எழுத வராது.

6. வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது வேறு. தலைமை அலுவலகத்திலிருந்து திடீர்ச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். உதவியாளர் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கதவை இடித்தார். "ஐயா, ஐயா, சோதனைக்கு வந்துட்டாங்க" என்று கத்தினார். எந்த ஐயாவைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. உலகத்தில் ஐயாக்கள் நிறைய. கதவு திறந்தது. ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் பறந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் பார்வை முழுவதும் திறந்த கதவின் மேல் இருந்தது.

பிள்ளையோடு உள்ளே போய்த் தாழிட்டேன். கைப்பிடி வைத்த நாற்காலி, மேசை மின்விசிறி, பஞ்சுபோல் மெத்தென்ற தலையணை. கட்டெறும்பு குடித்தாள். எழுந்து போ என்று சொல்ல ஆளில்லை, ஓடிப் பிடிக்க வேண்டிய பேருந்தில்லை. வயிறு நிறைந்து, என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். நான் அழுதுவிட்டேன், ஐயா. ஓர் அறைக்காக யாராவது அழுவார்களா என்று நானே முன்பு கேட்டிருப்பேன்.

தூங்கியவளுக்கு டயப்பர் மாற்ற, அதற்கென்று போட்டிருந்த பலகையில் கிடத்தினேன். தூக்கத்திலேயே அவள் விட்ட உதையில், அங்கிருந்த கண்ணாடி டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீரோடு தரையில் வந்து விழுந்தது மேல்வரிசை முன்பற்கள் நான்கு கொண்ட ஒரு பல் செட். கம்பி வளைந்துவிட்டது. உதைத்தது என் பெண், செய்வது என் தொழில். விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. லேபுக்குக் கொண்டுபோய்க் கழுவி, கம்பியை நிமிர்த்தி, பாலிஷ் போட்டேன். சனிக்கிழமை குறையைச் சொல்வதோடு அதைத் தங்களிடம் ஒப்படைக்கவும்தான் வந்தேன். தங்கள் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாருடையதோ தெரியாத பல்லை அத்தனை பேர் முன்னால் மேசையில் வைப்பது நாகரிகமாகப் படவில்லை.

7. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

மதியத்தில் அந்த அறை தாய்மாருக்குத் திறந்திருக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் போடும் உரிமை, பிள்ளையோடு உள்ளே போகிறவருக்கு மட்டும் இருக்க வேண்டும்.

தூங்குகிறவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவர் களைப்பு அவருக்கு. மாடிப்படிக்கு அடியில் "புகார்ப் பிரிவு" என்று ஓர் அறை இருக்கிறது. விசிறி உண்டு, பெஞ்சு உண்டு. நான் எட்டிப் பார்த்த வரையில் அங்கே மனித நடமாட்டமே இல்லை. அவர் தூக்கத்தை அங்கே யாரும் கெடுக்கப் போவதில்லை.

தலையணையை மட்டும் எடுத்துப் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையை மடியில் வைக்க அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

நாளை மதியம் வழக்கம்போல் வருவேன். கதவு திறந்திருந்தால், இந்தப் பல் யாருடையது என்ற கேள்வி என் வாயிலிருந்து ஒருநாளும் வராது. தாங்கள் இனி வாய் திறந்தே பதில் சொல்லலாம் என்பதால், விரைவில் நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இடம்: மூன்றாவது நடைமேடை, இரும்பு பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டெறும்பின் அம்மா

இணைப்பு: ஒட்டிய சிறு டப்பா ஒன்று. தனியாக இருக்கும்போது பிரிக்கவும்.

பின்குறிப்பு: பல்லுக்கு உரியவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கம்பியைச் சரிசெய்திருப்பதால் முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பிறகு பழகிவிடும். கதவைத் திறந்து விடுவதும் அப்படித்தான்.