வேதாச்சலத்தின் வலது கை

நகரி
4.3.1957

அன்புள்ள தாட்சாயணிக்கு,

கோவர்த்தனன் எழுதுவது. நான் இங்கே உயிரோட இருக்கேன். நீயும் குழந்தை அம்சவேணியும் திருப்பதியில உங்க அத்தை கமலம்மா வீட்ல சௌக்கியமா இருக்க ஏழுமலையான் துணை.

நீ போனதிலேர்ந்து வீட்ல அடுப்பு எரியலே. ஓட்டல்ல துன்னு துன்னு வயிறு கெட்டுப் போச்சு. உங்க அண்ணன் வேதாச்சலத்துக்குப் புத்தூர்ல கைக்குக் கட்டு போட்டாச்சு, எலும்பு கூடிடும்னு சொல்லியாச்சு. அப்புறமும் கைக்குழந்தையைத் தூக்கிக்கினு நீ ஏன் அவர் பின்னாலயே திருப்பதிக்குப் போவணும்?

நான் அடிச்சது தப்புன்னே வச்சிக்கோ. உங்க அண்ணன் பண்ணது மட்டும் சரியா? ஆந்திரா கட்சிக்காரங்க எல்லைப் பிரச்சினைக்காக இந்தத் தெரு என்ன பாஷைன்னு வீடு வீடா எழுதிக்கினு வந்தாங்க. நாங்க தமிழ்னு சொல்லிக்கினு இருக்கிறப்போ, பக்கத்து வீட்ல உக்காந்துக்கினு தெலுங்கு வீடுன்னு எழுத விட்டுட்டாரு. நாளைக்கு நகரி ஆந்திராவிலயே நின்னுடுச்சின்னா நம்ம பொண்ணு எந்தப் பாஷையில படிக்கும்? ஊருக்காகத்தான் கை ஓங்கினேன். கையில விறகு இருந்தது, அவ்வளவுதான்.

மாசி முடியறதுக்குள்ள வந்து சேர்.

இப்படிக்கு
கோவர்த்தனன்


திருப்பதி
11.3.1957

என் வீட்டுக்காரருக்குத் தாட்சாயணியின் நமஸ்காரம்.

உங்க வயிறு கெட்டுப் போனதுக்கு வருத்தம். சுக்கு அடுப்படி மாடத்துல இருக்கு, தட்டிப் போட்டுக் குடிங்க.

ஊருக்காக அடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. வந்தவன் தெலுங்குல கேட்டான், அண்ணன் தெலுங்குல பதில் சொல்லிச்சி. நம்ம பக்கத்துல யாரு வேற மாதிரி பண்றோம்? கேக்கிறவங்க பாஷையில பதில் சொல்றதுதானே நம்ம மரியாதை. நூல் யாவாரி வந்தா நீங்க எதுல பேசுறீங்க? அண்ணன் அவனுக்கு மோர் வேற குடுத்து அனுப்பிச்சி. அவன் அந்தப் பேச்சை வச்சிக்கினு தெலுங்கு வீடுன்னு எழுதிக்கினு போயிட்டான். அது அண்ணனுக்கே தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருக்கும்.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சிக்கினா கோவிச்சிக்கோங்க. தமிழுக்காக விறகை ஓங்கினீங்களே, திட்டினது பூரா தெலுங்குல. தெருவே கேட்டுது. அழறதா சிரிக்கிறதான்னு எனக்குத் தெரியலே.

தலையைக் காப்பாத்திக்கக் கையைக் குறுக்கே வச்சிச்சி, அடி வலது முழங்கையில விழுந்தது. இப்ப கட்டு பிரிச்சாச்சு. எலும்பு கூடியிருக்கு, ஆனா கை மடங்கலே. கட்டினவங்க மேல குத்தமில்லே, நொறுங்கினது அப்படி. நீட்டினா நீட்டின வாக்குலயே நிக்குது. இனிமே தறியில உக்கார முடியாது. பேசி வச்சிருந்த பொண்ணு வீட்லயும் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அத்தை சொல்லி அலிபிரி பக்கம் ஒரு சத்திரத்துல சாவி குடுக்கிற வேலை கிடைச்சிருக்கு. இடது கையால துன்ன அதுக்கு வெக்கம். நான்தான் பிசைஞ்சி ஊட்டுறேன். கதவைச் சாத்திக்கினுதான் துன்னுது.

ஏன் அடிச்சீங்க? ஊரு, பாஷை எல்லாம் விட்டுட்டு அதுக்குப் பதில் எழுதுங்க. அண்ணன் முன்னாடி வந்து நில்லுங்க. அப்புறம் நான் வர்றதைப் பத்திப் பேசலாம்.

இப்படிக்கு
தாட்சாயணி


நகரி
2.4.1957

தாட்சாயணிக்கு,

கடுதாசி கிடைச்சது. கை மடங்காதுன்னு எழுதியிருந்ததைப் படிச்சிட்டு ரெண்டு நாள் தறிப்பக்கம் போவலே. ஆனா நான் வந்து அவர் முன்னாடி நின்னா, அப்புறம் இந்த ஊர்ல எப்படித் தலைகாட்டுறது? தமிழ் எல்லைக் கமிட்டித் தலைவர் நாகபூஷணம் மாலை போடாத குறையா என்னைப் பாராட்டிக்கினு இருக்கார். தெருவுல எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. நீ ஒருத்திதான் தப்புன்றே.

உனக்கா எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா. கதவைத் தாழ் போட மாட்டேன்.

கோவர்த்தனன்


நகரி
5.3.1960

அன்புள்ள தாட்சாயணிக்கு,

மூணு வருஷம் கழிச்சி எழுதுறேன். கிழிச்சிப் போடாம படிப்பேன்னு நம்பி எழுதுறேன்.

எல்லை முடிவாயிடுச்சி. ஏப்ரல் முதல் தேதியிலேர்ந்து திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போவுது. நகரி ஆந்திராவிலயேதான். கமிட்டி வீட்டுக்குப் பூட்டு தொங்குது. நாகபூஷணம் திருத்தணியில குடியேறிட்டார், போறப்போ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலே. சந்தையில எப்பவும் போல ரெண்டு பாஷையிலயும் பேரம் பேசிக்கினுதான் இருக்காங்க.

ஏன் அடிச்சீங்கன்னு கேட்டே. அப்ப எனக்குப் பதில் தெரியலே. தறியில உக்காந்தா அதே நெனப்புதான். சத்தியமா சொல்றேன், பாஷைக்காக இல்லே. மச்சான் மேல பெரிய கோவம்கூட இல்லே. அன்னைக்குக் காலையில டீக்கடையில நாகபூஷணம் அத்தனை பேர் எதிர்ல, உன் மச்சானே தெலுங்குன்னு எழுதிக் குடுத்துட்டாரே, நீ எந்தப் பக்கம்னு கேட்டார். எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான் எழுந்தேன், அவங்களும் எழுந்தாங்க, தெரு வரைக்கும் பின்னாலயே வந்தாங்க. மச்சான் வாசல்ல நின்னுக்கினு சிரிச்ச மூஞ்சியா “வாங்க மாப்ளே”ன்னார். அப்ப நான் சும்மா திரும்பிட்டா பின்னால நிக்கிறவங்க என்னை ஆம்பளைன்னு மதிப்பாங்களான்னு பயம் வந்துடுச்சி. பயத்துல ஓங்கினேன் தாட்சாயணி. தனியா போயிருந்தா சத்தம் போட்டுட்டு, அவர் குடுத்த மோரைக் குடிச்சிட்டுத் திரும்பியிருப்பேன். அந்தக் கும்பல்ல ஒருத்தன்கூட அப்புறம் மச்சான் கை என்ன ஆச்சின்னு கேக்கலே.

அம்சவேணி நைனா எங்கேன்னு எப்பவாச்சும் கேக்குதா?

உன்
கோவர்த்தனன்


திருப்பதி
20.3.1960

அன்புள்ள அவருக்குத் தாட்சாயணியின் நமஸ்காரம்.

கிழிக்கலே. அண்ணனுக்கு வாசிச்சே காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுக்கினு இருந்திச்சி. சாயந்திரம் சத்திரத்துக்குக் கிளம்பறப்போ, மாப்ளே இன்னும் தனியாவா பொங்கித் துன்றாருன்னு கேட்டுது. அதுக்கு மேல அது உங்களைப் பத்திப் பேசினதில்லே.

உங்க பொண்ணு நல்லா வாய் பேசுது. தெருப் பசங்களோட தெலுங்குல சண்டை போட்டுட்டு வந்து என்கிட்டத் தமிழ்ல அழுவுது. நைனா தறியில இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். இத்தினி நாளா என்ன நெய்றாருன்னு கேக்குது. என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க.

சித்திரை மாசம் முதல் ஞாயித்துக்கிழமை மலை மேல அதுக்கு மொட்டை போடுறோம். முதல் முடியைத் தாய்மாமன் மடியில உக்கார வச்சித்தான் எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதது இல்லே. பெத்தவரும் பக்கத்துல நிக்கணும். நீங்க வந்து அண்ணன் முன்னாடி நில்லுங்க. மன்னிப்பு கின்னிப்புன்னு வாயைத் திறக்க வேணாம், நின்னா போதும். அன்னைக்கே பொண்ணோட உங்ககூட நகரிக்கு வந்துடறேன். வரலேன்னா இனிமே நான் எதிர்பார்க்க மாட்டேன். எனக்கும் அலுத்துப் போச்சுங்க.

இப்படிக்கு
தாட்சாயணி


நகரி
18.4.1960

அன்புள்ள தாட்சாயணிக்கு,

நான் வரலேன்னு நீ நினைச்சிக்கினு இருப்பே. வந்தேன். அலிபிரியிலேர்ந்து நடந்தே ஏறினேன். மொட்டை போடுற மண்டபத்துல ஒரே கூட்டம். தூண் ஓரமா நின்னு பார்த்தேன். நம்ம பொண்ணு மச்சான் மடியில உக்காந்து வீறிட்டு அழுதுக்கினு இருந்தது. உன் பக்கத்துல அத்தை, அத்தை வீட்டு ஜனம் எல்லாம். இத்தனை பேர் எதிர்ல போய் நின்னு, மச்சான் போடான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கால் வரலே. பழைய பயம்தான், விடலே. அப்புறமும் மனசைத் தேத்திக்கினு ஒரு அடி எடுத்து வச்சேன். அப்ப மச்சான் என்னைப் பார்த்துட்டார். வலது கையைத் தூக்கி, வெறைப்பா என் பக்கம் நீட்டினார். வெளியே போன்னு வேற எப்படிச் சொல்லணும்? அவர் மேல எனக்கு வருத்தமில்லே, நியாயம்தான். திரும்பிட்டேன். கண்ணு தெரியாம படி இறங்கினேன்.

வர்ற வெள்ளிக்கிழமை மெட்ராஸுக்குக் கிளம்பறேன். ஒரு மில்லுல ஆள் எடுக்கிறாங்களாம். இந்தத் தெருவுல இனிமே என்னால இருக்க முடியாது. வீட்டுச் சாவியை எதிர்வீட்டுச் செல்லியம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன். உன் சாமான் எல்லாம் உள்ளே வச்சது வச்சபடி இருக்கு. எங்க தங்குவேன்னு தெரியாது, விலாசம் குடுக்கிறதுக்கில்லே. பொண்ணு நல்லா இருக்கட்டும்.

கோவர்த்தனன்


திருப்பதி
20.4.1960

அன்புள்ள அவருக்கு,

உங்க கடுதாசி இன்னைக்குக் காலையில வந்தது. படிச்சிட்டுச் சத்திரத்துக்கு ஓடினேன். நீங்க எழுதினதை அப்படியே அண்ணன்கிட்ட வாசிச்சேன். அது அப்படியே உக்காந்துடுச்சி.

“நான் கூப்பிட்டேனே, தாட்சா”ன்னு சொல்லிச்சி.

கூப்பிடணும்னா கையை மடக்கணும் இல்லீங்களா? இடது கையால பொண்ணைத் திமிறாம புடிச்சிக்கினு இருந்தது. மிச்சம் இருந்தது அந்தக் கைதான். அதைத் தூக்கி, வாங்க மாப்ளேன்னு கூப்பிட்டிருக்கு. நீங்க திரும்பிப் போனதைப் பார்த்துட்டு, மாப்ளைக்கு என் மேல இன்னும் கோவம் தீரலேன்னு மலை இறங்கற வரைக்கும் சொல்லிக்கினே வந்தது. இப்ப அங்கே சாவிப் பலகை முன்னாடி உக்காந்து அழுதுக்கினு இருக்கு. இத்தனை வருஷத்துல அது அழுது நான் பார்த்ததில்லே.

இன்னும் ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்கு முன்னாடியே நான் உங்களைப் பார்த்துட்டேன். இளைச்சிப் போய்த் தூண் ஓரமா நின்னுக்கினு இருந்தீங்க. நைனா வந்திருக்காருடின்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அதுவே திரும்பியிருக்கும். சொல்லலே. நிக்கட்டும், அத்தனை பேர் எதிர்ல நல்லா நிக்கட்டும்னு இருந்தது. நீங்க அங்க நின்னு நோவறது எனக்கு நல்லா இருந்திச்சிங்க. ஏன் அடிச்சீங்க ஏன் அடிச்சீங்கன்னு உங்களைக் கேட்டுக்கினு இருந்தேன். என்னை நான் கேக்கவே இல்லே.

இதை இப்பவே தபாலாபீஸுக்கு எடுத்துக்கினு போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கைக்கு வருமோ, செல்லியம்மாகிட்ட நம்ம வீட்டுச் சாவியோட கிடக்குமோ, தெரியாது.

அண்ணனால கையை மடக்க முடியாது. என்னால முடியும். நான்தான் கூப்பிட்டிருக்கணும்.

கூப்பிடறேன், வாங்க.

உங்க
தாட்சாயணி